சிப் படமும் ஒரு மயிரிழைப் பிசகும்

(சங்க ஹாலில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

என்ன வேலை பார்த்து ரிட்டையர் ஆனேன் என்று லிஃப்டில் பலர் கேட்டிருக்கிறீர்கள். "சிப்புக்குப் படம் வெட்டுகிற வேலை" என்பேன். அதற்குள் உங்கள் மாடி வந்துவிடும். இன்று செயலாளர் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கிறார்.

உங்கள் கைப்பேசியில் இருக்கும் சிப் ஒரு வகையில் போட்டோ பிரிண்ட்தான். குவார்ட்ஸ் கண்ணாடித் தகட்டில் குரோமியப் பூச்சால் வடிவங்கள் இருக்கும். அதுதான் மாஸ்க். அதன் வழியே ஒளியைப் பாய்ச்சி, படத்தைச் சுருக்கி, சிலிக்கான் வில்லையில் பதிப்பார்கள். அடுக்குக்கு ஒரு மாஸ்க். 1971-ல் வந்த இன்டெல் 4004-ல் சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள். அதற்கு ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தைக் கையால் வெட்டினார்கள். இன்று பல நூறு கோடி. வெட்டுவது கணினி.

நம்ம பார்க்கிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே மூன்றடி வேண்டும் என்று விதி. டேப் பிடிக்காமல் எப்படிச் சரிபார்ப்பது? படத்தில் ஒவ்வொரு காரையும் எல்லாப் பக்கமும் ஒன்றரை அடி கொழுக்க வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் இடைவெளி போதவில்லை. (யார் கார் என்று நான் சொல்லப்போவதில்லை.) சிப்பில் கம்பிகளின் இடைவெளியையும் இப்படித்தான் பார்க்கிறோம்.

ஏறுகிறதா என்று கண்டுபிடிக்க, எந்தக் கோடு எதை வெட்டுகிறது என்று தெரிய வேண்டும். 10 லட்சம் கோடுகளை ஜோடி ஜோடியாகப் பார்த்தால் ஏறக்குறைய 50,000 கோடி ஜோடிகள். அதனால் மொட்டைமாடியில் மழைத்தண்ணீரை வைப்பரால் தள்ளுவது போல, ஒரு செங்குத்துக் கோட்டைப் படத்தின் மேல் இடமிருந்து வலமாக நகர்த்துவோம். அந்த நேரத்தில் வைப்பரைத் தொடும் கோடுகளை மட்டும் மேலிருந்து கீழாக வரிசையில் வைத்து, பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் வெட்டுமா என்று பார்த்தால் போதும். பென்ட்லி, ஆட்மன் இருவரும் 1979-ல் எழுதிய முறை இது. அதே ஓட்டத்தில் படத்தைச் சரிவகத் துண்டுகளாகவும் நறுக்கிவிடலாம். மாஸ்க் எழுதும் எலக்ட்ரான் கற்றை இயந்திரத்துக்கு அப்படித்தான் ஊட்ட வேண்டும்.

தொல்லை சாய்வுக் கோடுகளில். சிப் படத்தில் புள்ளிகள் எல்லாம் முழு எண் கட்டங்களில்தான் உட்காரும். இரண்டு சாய்வுக் கோடுகள் வெட்டும் இடம் அநேகமாகக் கட்டத்தில் விழாது. பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளுவோம். தள்ளியதும் கோடு மயிரிழை வளையும். முன்பு ஒரு முனைக்கு மேலே போன கோடு இப்போது கீழே போகலாம். வைப்பரில் வைத்திருந்த வரிசை பொய்யாகி, உள்ளே எது, வெளியே எது என்பதே மாறிவிடும்.

தொண்ணூறுகளில் என் புரோகிராமில் இதுதான் நடந்தது. ஒரு கம்பியின் நடுவே ஒரு சரிவகம் காணாமல் போனது. விதிச் சோதனை நறுக்குவதற்கு முந்தைய படத்தில் நடந்ததால் அது பாஸ். மாஸ்க் வந்ததும் நறுக்கிய படத்தோடு ஒப்பிட்டார்கள். தப்பான படத்தோடு ஒப்பிட்டால் தப்பான மாஸ்க் சரியாகத்தானே தெரியும்? அதுவும் பாஸ். சிப்புகள் வந்தன; ஒன்றுகூட உயிரோடு இல்லை. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் அறுந்த கம்பி. இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பிறகு மாற்றினேன். எது மேலே, எது கீழே என்ற முடிவுகளை வகுத்தலே இல்லாமல் முழு எண் பெருக்கலில் எடுத்தேன். புள்ளிகளைத் தள்ளியபின் புது வெட்டு தெரிந்தால், அது நிற்கும்வரை வைப்பரை மறுபடி ஓட்டினேன். கடைசியில் நறுக்கிய படத்தையும் மூலப் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஏதாவது ஒன்றில் மட்டும் இருக்கும் பகுதியை எடுத்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் தடிமனாக எது மிஞ்சினாலும் மாஸ்க் போகாது.

கழித்துக்கட்டிய அந்த மாஸ்க்கை ஆபீஸில் எனக்கே கொடுத்துவிட்டார்கள். மேஜையில் வைத்திருக்கிறேன், காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியாது.