இயந்திரத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?



புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் சிலர், அளவு பார்க்காமல் வாங்கிய அலமாரி அறைக்குள் நுழையாமல், வாசலில் நின்று விழிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அலமாரியாவது பரவாயில்லை, கழற்றி உள்ளே கொண்டுபோய் மறுபடியும் பூட்டிக்கொள்ளலாம். பல டன் எடையுள்ள இயந்திரத்தை என்ன செய்வது? உலோகத் தகடுகளை வெட்டவும் மடிக்கவும் அச்சில் அழுத்தவும் பயன்படும் இயந்திரங்களுக்குத் தொழிற்கூடத்தில் இடம் ஒதுக்குவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

சகோதரர்கள் இருவர் தங்கள் சேமிப்பைப் போட்டுத் தொடங்கிய ஒரு தகட்டுப் பட்டறைக்கு நாம் ஒருமுறை சென்றிருந்தோம். மின்சாரப் பெட்டிகள் செய்யும் பட்டறை அது. வாடகை மிச்சமாக வேண்டும் என்பதற்காக, தகடு மடிக்கும் இயந்திரத்தைப் பின்சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். அதன் முன்புறமே எல்லோரும் நடந்து போகும் வழி. சில மாதங்கள் வேலை நன்றாகத்தான் நடந்தது. பிறகு இயந்திரத்தின் பின்புறத்தில் பழுது ஏற்பட்டது. பழுதுபார்க்க வந்தவர் பின்னால் போக வழியில்லை. கூலி கொடுத்து ஆட்களை அழைத்து, இயந்திரத்தை முன்னுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. இரண்டு நாள் வேலை நின்றது. அதைவிட வருத்தம் தருவது வேறொன்று. முன்புறமாக நடந்து சென்ற ஓர் இளைஞரை, மடிக்கும்போது மேலெழும்பிய தகட்டின் விளிம்பு கையில் வெட்டிவிட்டது. காயம் ஆறிவிட்டது, ஆனால் அரை முழம் மேலே பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணி அந்தச் சகோதரர்கள் இன்னும் கலங்குகிறார்கள்.

தவறு எங்கே நேர்ந்தது? இயந்திரத்தை அளந்தார்கள், வேலையை அளக்கவில்லை. இதுதான் நாம் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம்.

கடைகளில் கிடைக்கும் பொதுவான தகட்டின் அளவு 4 அடிக்கு 8 அடி; அதாவது 1.22 மீட்டருக்கு 2.44 மீட்டர். தகடு வெட்டும் இயந்திரம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். அதன் அகலம் 3.2 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது நிற்கும் இடம் 6.4 சதுர மீட்டர்தான். ஆனால் அதற்கு முன்னால் முழுத் தகட்டை நீளவாக்கில் வைத்துத் தள்ள இரண்டரை மீட்டரும், ஆள் நிற்க ஒரு மீட்டரும் வேண்டும். வெட்டிய துண்டுகள் பின்புறம் விழும். அவற்றை எடுக்க ஒன்றரை மீட்டர் வேண்டும். எண்ணெய் இடவும் பழுதுபார்க்கவும் இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் வேண்டும். கூட்டிப் பாருங்கள். அகலம் 5.2 மீட்டர், ஆழம் 7 மீட்டர். மொத்தம் 36 சதுர மீட்டருக்கும் சற்று அதிகம். இயந்திரம் நிற்கும் இடத்தைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல்! இதில் பொதுவான நடைபாதை இன்னும் சேரவில்லை.

தகடு மடிக்கும் இயந்திரத்தின் கதை வேறு. ஒரு தகட்டின் ஓரத்தை 90 பாகைக்கு மடிக்கும்போது, ஆள் பிடித்திருக்கும் பக்கம் ஏறத்தாழ 45 பாகை மேலே எழும்பும். முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது 1.22 மீட்டர் என்றால், அதன் விளிம்பு 86 சென்டிமீட்டர் உயரும். இயந்திரத்தின் மேசையே ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருப்பதால், அந்த விளிம்பு ஒரு மனிதரின் முகத்தின் மட்டத்துக்கு வந்துவிடும். எனவே அதன் முன்னால் நடைபாதை அமைக்கவே கூடாது. தரையில் மஞ்சள் கோடு போட்டு, அந்த இடம் இயந்திரத்துக்கும் அதை இயக்குபவருக்கும் மட்டுமே உரியது என்று காட்ட வேண்டும்.

அச்சழுத்தும் பிரஸ் இயந்திரத்துக்கு வேறு சில தேவைகள் உண்டு. சுருள் தகட்டைப் பயன்படுத்தினால், சுருளைத் தாங்கும் சட்டம், தகட்டை நிமிர்த்தும் உருளைகள், உள்ளே செலுத்தும் கருவி, பிறகு பிரஸ் என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே நீளமான இடம் தேவை. அச்சுகளை மாற்ற ஃபோர்க்லிஃப்ட் வண்டி நேராக வந்து நிற்கவும் திரும்பவும் இடம் வேண்டும். அச்சுகளை அடுக்கும் தட்டு பிரஸ்ஸுக்கு அருகில் இருப்பது நல்லது. கழிவுத் துண்டுகள் விழும் தொட்டியை, வேலையை நிறுத்தாமலே வெளியே எடுக்க முடிய வேண்டும்.

பிரஸ்ஸுக்கு முன்னால் ஒளித்திரை என்னும் பாதுகாப்புக் கருவியைப் பொருத்துகிறார்கள். கை அந்த ஒளியைக் கடந்தவுடன் இயந்திரம் நின்றுவிடும். ஆனால் கண நேரத்தில் நின்றுவிடாது. ஒரு பிரஸ் நிற்க 0.4 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதனின் கை விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நீளும் என்பது பாதுகாப்புக் கணக்கு. அப்படியானால் அந்த நேரத்தில் கை 64 சென்டிமீட்டர் உள்ளே போய்விடும். ஆகவே ஒளித்திரை, அச்சிலிருந்து குறைந்தது அவ்வளவு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று அதை நெருக்கி வைத்தால், கருவி இருந்தும் விரல் போய்விடும். இடத்தில் செய்யும் சிக்கனம் சில வேளைகளில் ஒரு தொழிலாளியின் கையைப் பறித்துவிடுகிறது.

இனித் தரையைப் பார்ப்போம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அடுக்குமாடித் தொழிற்கூடங்கள் பல உள்ளன. ஒவ்வொரு மாடியும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என்று எழுதியிருந்தால், ஏறத்தாழ ஒரு டன் என்று பொருள். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள முழு எஃகுத் தகடு ஒன்றின் எடை சுமார் 23 கிலோ. அத்தகைய தகடுகள் 150-ஐ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், உயரம் ஒரு சாண்கூட வராது. ஆனால் எடை மூன்றரை டன்! சதுர மீட்டருக்கு 1,170 கிலோவுக்கும் மேல். பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் அந்த அடுக்கே வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆதலால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், தரையின் பாரவரம்பையும் சரக்கு மின்தூக்கியின் கொள்ளளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடித்து அழுத்தும் பெரிய பிரஸ்களைத் தரைத்தளத்தில், பிற தரையோடு ஒட்டாத தனிக் கான்கிரீட் அடித்தளத்தின் மேல் நிறுத்துவதே முறை. இல்லையென்றால் அதிர்வு அக்கம்பக்கத்து இயந்திரங்களையும் பாதிக்கும்.

அடுத்தது இயந்திரங்களின் வரிசை. வெட்டும் இயந்திரத்துக்கும் மடிக்கும் இயந்திரத்துக்கும் இடையே 12 மீட்டர் தூரம் என்றும், ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு 200 தடவை போய்வருகிறார் என்றும் கொள்வோம். நாளுக்கு 4,800 மீட்டர். ஆண்டுக்கு 300 வேலை நாட்களில் 1,440 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குச் சாலை வழியாகப் போய்த் திரும்பும் தூரம் ஏறத்தாழ இவ்வளவுதான்! அந்த நடைக்கும் நாம் கூலி கொடுக்கிறோம். அந்த நடையால் ஒரு பொருள்கூட உருவாவதில்லை. தகடு வரும் வாசலிலிருந்து பொருள் வெளியேறும் வாசல்வரை, பின்னோக்கி வராமல் வேலை நகர்வதே நல்ல அமைப்பு.

ரிச்சர்ட் மூதர் என்னும் அமெரிக்க நிபுணர் 1961-இல் வெளியிட்ட நூலில், இடத் திட்டத்துக்கு முன்பாக ஐந்து கேள்விகளுக்கு விடை தேடச் சொன்னார். என்ன பொருள்? எவ்வளவு? எந்த வழியாக? அதற்குத் துணையான வசதிகள் யாவை? எப்போது, எவ்வளவு நேரத்தில்? பெரிய ஆலைக்கு மட்டுமன்றி, நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் இவை பொருந்தும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கட்டம் போட்ட தாளில், ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற அளவில் தரையை வரையுங்கள். தூண்கள், கதவுகள், மின்பெட்டி ஆகியவற்றையும் குறியுங்கள். கெட்டி அட்டையில் இயந்திரங்களை அதே அளவில் வெட்டுங்கள்; ஒவ்வொன்றையும் சுற்றித் தேவைப்படும் வேலையிடத்தை வேறு நிறத்தில் ஒட்டுங்கள். அட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இயந்திரத்தை இயக்கப்போகிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் கை நீளும், எந்தப் பக்கம் துண்டு விழும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மலேசியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 2006-ஆம் ஆண்டுச் சட்டமும் வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. நாம் சொன்ன சகோதரர்கள் இப்போது இயந்திரத்தைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்திருக்கிறார்கள். நடைபாதையையும் மறுபுறம் மாற்றிவிட்டார்கள். அந்த இளைஞர்தான் இன்று அந்த இயந்திரத்தை இயக்குகிறார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மஞ்சள் கோட்டை முதலில் காட்டுகிறவரும் அவரே.

இயந்திரத்தை வாங்குமுன் அட்டையை வெட்டுவோம். அட்டையை நகர்த்த ஒரு விரல் போதும். இயந்திரத்தை நகர்த்தப் பத்துப் பேர் வேண்டும்.