அடுப்பை எங்கே வைப்பது?

(கந்தளாயில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, வீட்டுக் காணி என்று பேசுகிற சங்கம் இன்றைக்கு அடுப்பைப் பற்றிப் பேசுகிறதே என்று சிலர் நினைக்கலாம். நாள் சம்பளத்தில் சில ரூபாய் கூட்டிக் கேட்கவே நாம் எத்தனையோ மாதம் போராடுகிறோம். வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தீக்காயம் பட்டால், பெற்றவர்கள் வேலையை விட்டு ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். காயம் ஆறினாலும் வடு போகாது. ஆகவே இதுவும் சங்கத்தின் வேலைதான்.

2021 கடைசியில் நாட்டின் பல பாகங்களில் கேஸ் அடுப்புகள் வெடித்தன. 2022இல் கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். கேஸுக்கு மாறியிருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின. அவசரத்துக்கு மூன்று கல்லை வைத்து, கிடைத்த மூலையில் மூட்டிய அடுப்புகள் சில வீடுகளில் இன்றும் அதே மூலையில் எரிகின்றன. அவற்றைச் சரியாக வைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

இங்கே சீனித் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்ட பிறகு கரும்புத் தோட்ட வேலையை இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டு வடக்கு கிழக்குக்கு வந்த குடும்பங்களும் பல. மலையகத்தில் இன்னும் நமக்கு உறவுகள் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் எரிவது விறகுதான், ஆனால் ஆபத்து வேறு வேறு. மலையில் குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலை அடைப்பார்கள், புகை உள்ளேயே நிற்கும். கந்தளாயில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு பொறி போதும், ஓலையும் வைக்கோலும் பற்றிக்கொள்ளும்.

முதலில் இடம். ஓலை, பலகை, சாக்கு மறைப்பு, விறகுக் குவியல் எதுவும் அடுப்பிலிருந்து மூன்று அடிக்குள் இருக்கக் கூடாது. அடுப்புக்கு நேர் மேலே பரண் வேண்டாம், துணிக் கொடியும் வேண்டாம். பலத்த காற்று அடுப்பு வாய்க்கு நேரே அடிக்கக் கூடாது. இங்கே கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து வரும். இரண்டுக்கும் மறைவாக வாயைத் திருப்புங்கள். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் அடுப்பைத் தரையில் வைக்காமல், செங்கல்லும் மண்ணும் கொண்டு இடுப்பளவுக்கு ஒரு திட்டு கட்டி அதன்மேல் வையுங்கள். பானைக் கைப்பிடி திட்டின் விளிம்புக்கு வெளியே நீட்டக் கூடாது.

அடுத்தது அடுப்பு. 1980களில் நம் நாட்டிலேயே உருவான அனகி அடுப்பு பல ஊர்களில் விற்கிறது. சுட்ட களிமண்ணால் செய்தது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானை கொதிக்கும். மூன்று கல் அடுப்பை விட விறகும் குறைவாகச் செலவாகும். அதை வாங்கி வெறுமனே வைத்தால் சீக்கிரம் வெடிப்பு விடும். புற்றுமண், மணல், சாணம் குழைத்து, சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலத் தடிப்புக்குப் பூசுங்கள். நிழலில் சில நாள் நன்றாகக் காயவிட்டு, முதலில் சிறு தீயாக எரியுங்கள். மண் பூசினால் அடுப்பு அசையாது, சூடு வீணாகாது, பிள்ளையின் கை பட்டாலும் சட்டென்று சுடாது.

மூன்றாவது புகை. வீட்டுக்குள் விறகு, கரி, மண்ணெண்ணெய் எரிக்கும் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு நியுமோனியா, பெரியவர்களுக்கு நுரையீரல் நோய், சமைக்கும் பெண்களுக்குக் கண் வருத்தம் என்று புகை எல்லோரையும் பிடிக்கிறது. புகை மேலே போகும் பொருள். சுவரின் உச்சியில் ஒரு திறப்பும், கீழே காற்று வர ஒரு வழியும் வேண்டும். புகைபோக்கி வைத்தால் சூடான குழாய் கூரை மரத்தில் படக் கூடாது. உள்ளே சேரும் கரியை அடிக்கடி துடைக்க வேண்டும், அந்தக் கரியும் தீப்பிடிக்கும். அஸ்பெஸ்டஸ் சீட்டை நீங்களே வெட்டாதீர்கள், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சுவரில் வழி விடுங்கள். குளிருக்காகத் தணலை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

விறகைப் பிளந்து காயவைத்து எரியுங்கள். தீ மூட்டப் பொலித்தீன், ரப்பர் செருப்பு, மருந்துப் போத்தல் வேண்டாம். தென்னந்தும்பு, பன்னாடை, சருகு போதும். எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் தணலை அப்படியே விட்டுப் போகாமல், தண்ணீர் தெளித்து அணையுங்கள். லயத்தில் கூரை ஒன்று. ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ வரிசை முழுவதும் போகும்.

காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய், மா எதுவும் பூசாமல், சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

தோழர்களே, சமையலறை பெண்களின் பாடு என்று ஆண்கள் ஒதுங்க வேண்டாம். திட்டு கட்டுவதும் மண் குழைப்பதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆனால் ஜன்னலே இல்லாத லயக் காம்பராவில் தொழிலாளி எவ்வளவு கவனமாக இருந்தாலும் புகை போக வழியில்லை. அது நிர்வாகத்தின் பொறுப்பு. மலையகத்தில் காணியோடு வீடு என்று பேசும்போது, எத்தனை அறை என்று கேட்பதோடு நிற்காமல், சமையலறைப் புகை எந்த வழியாகப் போகும் என்றும் கேட்போம்.

புகை போக வழியில்லாத வீடுகளின் விபரத்தைக் கிளைத் தலைவர்களிடம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பேச்சுவார்த்தையில் உட்காருவோம்.