பத்ருக்குச் செல்லாதவருக்கும் பத்ரின் பங்கு



ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போரின்போது ஹழ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் களத்தில் இல்லை. அவர்களுடைய மனைவியாரும் நபிகளாரின் அருமை மகளாருமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். உடனிருந்து கவனிக்கும்படி நபி (ஸல்) அவர்களே உஸ்மானை மதீனாவில் நிறுத்தினார்கள். களத்தில் நின்றவருக்குரிய பங்கும் நற்கூலியும் அவருக்கும் உண்டு என்றார்கள்.

2020 மார்ச் 24 மாலை பேருந்துகள் நின்றன. வருசநாட்டிலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடமலைக்குண்டைத் தாண்டி, கண்டமனூர் வழியாகச் செல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் அங்கு செல்லவே அச்சம், செல்லாதிருக்கவும் வழியில்லை. முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலின் ஒரு நாள் தவறினாலும் உயிருக்கே ஆபத்து. குளிர்பதனப் பெட்டியில்லாத வீட்டில் அம்மருந்தைக் கோடை வெயிலிலிருந்து காக்க மண்பானைத் தண்ணீர்தான் துணை. (இனிப்பு கொடுத்து வளர்த்ததால் வந்த நோய் என்று தாயைப் பழிக்கும் நாவுகள் நம் மஹல்லாவிலும் உண்டு. கணையத்தில் இன்சுலின் சுரப்பு அற்றுப் போவதால் வரும் நோய் அது. தாயின் வளர்ப்பில் குற்றமில்லை.) தலசீமியா உள்ள பிள்ளைக்கோ இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். ஊரடங்கில் இரத்ததான முகாம்கள் பெரும்பாலும் நடைபெறவில்லை.

பிள்ளை பள்ளிக்கூடம் சென்றிருக்கும் சில மணி நேரமே அத்தாய்மார்களுக்கு ஓய்வு. அதுவும் போயிற்று. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பெரியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. நல்ல திட்டம். ஆயினும் இரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளையை இன்றும் மருத்துவமனைக்குத்தான் தூக்கிச் செல்ல வேண்டும். தூக்கிச் செல்பவள் பெரும்பாலும் தாய் ஒருத்தியே.

நோயாளியைக் கவனிக்க வேறு ஆளில்லாதவர் ஜும்ஆவுக்கு வராதிருக்க ஃபிக்ஹு நூல்கள் சலுகை தருகின்றன. ஜும்ஆ கடமையானது ஆண்களுக்கு. ஆகவே அச்சலுகையும் ஆண்களுக்கே. நோயாளியைக் கவனிப்பது பெண்களின் வேலை மட்டுமே என்றிருந்தால் அந்தச் சலுகைக்குத் தேவை என்ன? மதீனாவில் நிறுத்தப்பட்டவரும் ஓர் ஆண்தானே!

ஆதலால் தந்தைமார்களே, அடுத்த முறை மருத்துவமனைக்கு நீங்களும் உடன் சென்று ஊசி போடும் முறையைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் சில இரவுகளேனும் நீங்கள் விழித்திருங்கள். வாலிபர்கள் தங்கள் இரத்த வகையையும் கைப்பேசி எண்ணையும் தொழுகை முடிந்ததும் ஜமாஅத் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.