உங்க மொட்டை மாடியில இன்னைக்கு எத்தனை டிகிரி?

இன்னைக்கு எபிசோடை ஒரு பைக் சீட்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

நான் குடியிருக்கிறது மந்தைவெளியில, ஒரு அபார்ட்மென்ட்டோட கடைசி மாடி. போன வருஷம் தை மாசம், ஒரு நாள் காலையில ஆறரை மணிக்குக் கீழ இறங்கி வர்றேன். என் பைக் சீட் முழுக்க ஈரம். மழையும் பெய்யல. பக்கத்துல வேப்ப மரத்தடியில நின்ன ஸ்கூட்டர் சீட் மட்டும் காய்ஞ்சு கிடக்கு. நான் முழிக்கிறதைப் பார்த்துட்டு வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: "நேத்து ராத்திரி ஒரு பொட்டு மேகம் இல்ல தம்பி. வெட்டவெளியில நிறுத்தினா பனி இறங்கத்தான் செய்யும்."

அவர் சொன்னதுலயே பாதி வானிலை அறிவியல் இருக்கு. பகல்ல வாங்கின வெப்பத்தைத் தரை, சுவர், வண்டி எல்லாமே ராத்திரி முழுக்க வானத்தை நோக்கி வெளியே விட்டுக்கிட்டே இருக்கும். மேலே மேகம் இருந்தா அதுல ஒரு பங்கு திரும்பி வரும். மேகம் இல்லன்னா போனது போனதுதான். ஸ்கூட்டருக்கு அந்த வேப்ப மரம் ஒரு போர்வை. என் பைக்குக்குப் போர்வை இல்ல. சீட் காத்தை விட அதிகமா குளிர்ந்துடுச்சு, காத்துல இருந்த ஈரம் அது மேல படிஞ்சிடுச்சு.

அன்னைக்கு ஒரு சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி மொட்டை மாடியில, வெயில் படாத இடமா பார்த்து மாட்டினேன். ராத்திரி பத்து மணிக்கு, நாளைக்குக் காலையில எவ்வளவு இறங்கும்னு நோட்டுல எழுதிடுவேன். விடிஞ்சதும் உண்மையான அளவைப் பக்கத்துல எழுதுவேன். அவ்வளவுதான் விளையாட்டு.

"இதெல்லாம் எதுக்கு, போன்லயே இருக்கே"ன்னு கேப்பீங்க. செய்தியில "சென்னை 21 டிகிரி"ன்னு சொல்றாங்களே, அது எங்க எடுத்த அளவு? சென்னைக்கு ரெண்டு முக்கியமான நிலையங்கள்: நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம். நுங்கம்பாக்கத்துக்குப் பெரிய வரலாறே உண்டு. 1792-ல கிழக்கிந்தியக் கம்பெனி அங்க ஒரு வானாய்வகம் கட்டுச்சு. 1796-லேயே வானிலைப் பதிவு ஆரம்பிச்சாச்சு. சென்னையில பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. ரெண்டு தடவை: 1895 டிசம்பர் 11, அப்புறம் 1905 ஜனவரி 29. இப்ப ஜனவரியில சராசரியா 21 டிகிரி பக்கத்துலதான் நிக்குது.

அங்க தெர்மாமீட்டர் இருக்கிறது வெள்ளை மரப்பெட்டிக்குள்ள. காத்து போய் வர்ற மாதிரி சட்டம் வச்ச பெட்டி, தரையில இருந்து நாலடிக்கு மேல, திறந்தவெளியில. அது அந்த இடத்துக் காத்தைச் சரியா அளக்கும். உங்க தெருவை அளக்காது. குளிர்காலத்துல மீனம்பாக்கம் பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தை விட ஒண்ணு ரெண்டு டிகிரி குறைவா காட்டும், ஏன்னா கடல் தள்ளி இருக்கு, சுத்தி திறந்த இடமும் அதிகம். அடையாறு பக்கம் ஐஐடி மரங்களை ஒட்டி இருக்கிறவங்களுக்குக் காலையில ஸ்வெட்டர் தேவைப்படலாம். அதே நேரத்துல தி.நகர்ல ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சுவரைத் தொட்டுப் பாருங்க, பகல் வெயில் இன்னும் அதுக்குள்ள இருக்கும்.

சரி, எப்படிக் கணிக்கிறது? நான் மூணு கேள்வி கேட்டுப்பேன்.

முதல்ல, மேகம் இருக்கா? நட்சத்திரம் தெளிவா தெரிஞ்சா குளிரும்.

ரெண்டாவது, காத்து எங்க இருந்து வருது? ஜனவரியில கூட வங்கக்கடல் தண்ணி 26 டிகிரியை ஒட்டி இருக்கும். கிழக்கே இருந்து காத்து வந்தா ராத்திரி பெருசா இறங்காது. வடமேற்கே இருந்து மெல்லிசா, நிலத்துக் காத்து வந்தா இறங்கும்.

மூணாவது, காத்துல ஈரம் எவ்வளவு? வெதர் ஆப்ல "ட்யூ பாயின்ட்"னு ஒண்ணு இருக்கும், தமிழ்ல பனிநிலை. சாயங்காலம் அது 19-ன்னா, விடியக்காலை பெரும்பாலும் அதுக்குக் கீழ ரொம்பப் போகாது. ஈரம் பனியா மாறும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும், அது குளிர்ச்சிக்கு பிரேக் போட்டுடும்.

இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு முதல் மாசம் கணிச்சேன். "நேத்து எவ்வளவோ இன்னைக்கும் அவ்வளவே"ன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருந்தா என்னை விட நல்லா வந்திருக்கும்! சிரிக்காதீங்க, வானிலைக்காரங்களே அந்த அளவுகோலை வச்சுத்தான் தங்களைச் சோதிச்சுப்பாங்க. வானிலை மாறுற அன்னைக்குத்தான் உண்மையான பரீட்சை. 2021 டிசம்பர் 30 ஞாபகம் இருக்கா? மதியத்துக்கு மேல சில மணி நேரத்துல மயிலாப்பூர், தி.நகர் எல்லாம் தண்ணி. அவ்வளவு மழை வரும்னு காலையில யாரும் சொல்லல. மின்சாரம் தாக்கி மூணு பேர் இறந்தாங்க. ஒரு டிகிரியையே தப்பா எழுதின அப்புறம், முன்னறிவிப்பு சொல்றவங்களை மீம் போட்டுக் கிண்டல் பண்றதை நான் விட்டுட்டேன்.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

மாசி மாசம் சும்மா ஒரு தெர்மாமீட்டரை எங்க படுக்கை அறையிலயும் வச்சேன். விடியக்காலை மாடியில 22. அறைக்குள்ள 27. நடுவுல இருக்கிறது ஒரு கான்கிரீட் தளம் மட்டும்தான். பகல் பூரா அது வெயிலை வாங்கி வச்சுக்கிட்டு, ராத்திரி பாதியை வானத்துக்கும் பாதியை எங்களுக்கும் கொடுக்குது. மாசியில இது சுகமா இருந்துச்சு.

மே மாசம் அதே அறையில அம்மாவுக்கு ரெண்டு நாள் தொடர்ந்து தலைசுத்தல். நான் செய்தியைப் பார்த்துட்டு, "போன வாரம் 40, இந்த வாரம் 38 தானேம்மா"ன்னேன். அம்மா சொன்னாங்க: "பகலைத் தாங்கிடலாம்பா. ராத்திரி விட மாட்டேங்குதே." நோட்டைப் புரட்டினேன். பகல் வெயில் குறைஞ்ச அந்த வாரத்துலதான் ராத்திரி அளவு ஏறியிருந்துச்சு. மேகமும் கடல் ஈரமும் சேர்ந்து போர்வை போட்டுடுச்சு. அறைக்குள்ள ராத்திரி மூணு மணிக்கு 33.

பகல்ல ஏறின சூட்டை உடம்பு இறக்குறது ராத்திரியிலதான். அந்த ஓய்வு கிடைக்கலன்னா அடுத்த நாள் வெயில் இன்னும் பலமா அடிக்கும், முக்கியமா வயசானவங்களை. 2024-ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சுது. நல்ல விஷயம். ஆனா கடைசி மாடி அறைக்குள்ள இருக்கிற 33 எந்த நிலையத்துலயும் பதிவாகாது. அதை நாமதான் பார்க்கணும்.

நாங்க செஞ்சது இவ்வளவுதான்: மாடித் தளத்துக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சோம், இருட்டினதும் ரெண்டு பக்க ஜன்னலையும் திறந்து வச்சோம், நோட்டுல ராத்திரி அளவு ஏறின நாள்ல அம்மாவைக் கீழ் வீட்டு அக்கா ஹால்ல படுக்க வச்சோம். அந்தக் கணிப்பு மட்டும் நான் பெரும்பாலும் தப்பு பண்ணல.

அதனால ஒரு ஹோம்வொர்க். இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு மாடிக்குப் போங்க. மேகம், காத்து, ஈரம் மூணையும் பாருங்க. ஒரு எண் எழுதுங்க. காலையில சரிபாருங்க. ஒரு மாசம் கழிச்சு எத்தனை சரி, எத்தனை தப்புன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. கோடை வர்றதுக்குள்ள உங்க வீட்டு ராத்திரி உங்களுக்குப் பழகிடும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வண்டியை மரத்தடியில நிறுத்துங்க!