எட்டு டிகிரிச் சாய்வு
(அறிவியல் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரை)



‘ஒளியிழையில் இரைச்சல் புகாது’ என்று பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். மின்கம்பியோ மோட்டாரோ கண்ணாடிக்குள் ஓடும் ஒளியைக் கெடுக்காது, அது உண்மைதான். ஆனால் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இணையம் விட்டுவிட்டு வந்த வாரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “அப்புறம் ஏன் சார் நிக்குது?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பழுது பார்க்க வந்த தம்பி மோடத்தைத் திருப்பிப் பார்த்தார். பச்சை கனெக்டர் இருக்க வேண்டிய துளையில் யாரோ நீல கனெக்டரைச் செருகியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். அறையைச் சுத்தம் செய்தபோது பழைய கம்பி கழன்றுவிட்டது; கைக்குக் கிடைத்ததை மாட்டிவிட்டேன். இரண்டும் பொருந்துவதுபோலத்தான் இருக்கும்.

நீல கனெக்டரின் முனை ஏறத்தாழ நேராகத் தேய்க்கப்பட்டது. பச்சை முனை 8 டிகிரி சாய்வானது. இரண்டையும் சேர்த்தால் நடுவே காற்று இடைவெளி விழும். கண்ணாடி காற்றைச் சந்திக்கும் இடத்தில் சுமார் 4 சதவீத ஒளி எதிரொளிக்கும். நேரான முனையில் அது வந்த வழியே திரும்பிப்போய் லேசரையே தொந்தரவு செய்யும். ஒளிக்கு இரைச்சல் ஒளிதான்! சாய்ந்த முனையிலும் எதிரொளிப்பு உண்டு. ஆனால் திரும்பும் கதிர் 16 டிகிரி விலகிவிடுவதால் முழு அக எதிரொளிப்புக்கான கோணம் கிடைக்காமல் உள்ளகத்தை விட்டு வெளியேறிவிடும். நம் பாடத்தில் இருப்பதேதான். நான்தான் அதை இப்படிப் பார்த்ததில்லை.

தூசும் இதே வேலையைச் செய்யும். உள்ளகத்தின் விட்டம் 9 மைக்ரோமீட்டர்தான். தலைமுடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.

இன்னொரு சிக்கல், பக்கத்து வீட்டு ஒளி. ஓர் இழையை ஸ்பிளிட்டர் வழியாக 32 அல்லது 64 இணைப்புகளுக்குப் பிரிக்கிறார்கள். நமக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர், நாம் அனுப்புவது 1310. எனவே வருவதும் போவதும் மோதாது. ஆனால் எல்லா வீடுகளும் அனுப்புவது அதே 1310-இல். அதனால் முறை வைத்துத்தான் அனுப்ப வேண்டும். முறை மட்டும் போதாது. இழையில் 1 கிலோமீட்டர் கடக்க 5 மைக்ரோவிநாடி ஆகும். தொலைவு வேறுபட்டால் முறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆகவே நிலையக் கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் ஆகும் நேரத்தை அளந்து, அதற்கேற்ப அனுப்பும் கணத்தைச் சொல்கிறது.

இதை மைதானத்தில் செய்து பார்த்தோம். நான்கு பேர் நான்கு தூரத்தில் நின்று, ஒரே வேகத்தில் நடந்துவந்து என்னிடம் சீட்டுக் கொடுக்க வேண்டும். வரிசையாகப் பெயர் சொல்லியும் முதல் தடவை இருவர் முட்டிக்கொண்டார்கள். அவரவர் நடையை எண்ணிப் பார்த்துப் புறப்படும் நேரத்தை மாற்றியதும் சரியாயிற்று. பிறகு ஒரு பையனிடம் மட்டும் ரகசியமாக, “நீ நிற்காமல் வந்துகொண்டே இரு” என்றேன். ஒரு மோடத்தின் லேசர் அணையாமல் எரிந்தால் தெரு முழுவதும் இணையம் நின்றுபோகும். குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிப்பது? “ஒவ்வொருத்தரா உட்காரச் சொல்லுங்க சார்” என்றாள் அதே மாணவி. தொழில்நுட்பர்களும் ஒவ்வோர் இணைப்பாகத் துண்டித்துத்தான் தேடுகிறார்கள்.

ஓர் எச்சரிக்கை. இது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. இயங்கும் இழையின் முனையைப் பிள்ளைகள் உற்றுப் பார்க்க விடாதீர்கள். பயன்பாட்டில் இல்லாத பச்சையும் நீலமுமாக இரண்டு கம்பிகள் கொண்டுவந்திருக்கிறேன். பார்த்துவிட்டு, மூடியைப் போட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.