மிதிவண்டிக்கு ஒரு கால அட்டவணை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

நெடுந்தூர சைக்கிள் பயணத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்தார். நம் காலனியில் இளைஞர் சிலரும், இளைஞர் என்று சொல்லிக்கொள்ள இயலாத சிலரும் விடியுமுன் விளக்குப் பொருத்திய சைக்கிளில் புறப்பட்டுச் செல்வதைக் கண்டு, "இவர்களுக்கு என்ன வந்துவிட்டது?" என்று வீட்டிலுள்ளோர் கவலையுறுகின்றனர். கவலை நியாயமானதே. ஆகவே, இவ்வுரையில் பாதி சைக்கிள் ஓட்டுவோருக்கு. மற்றப் பாதி அவர்களை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருப்போருக்கு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். இது பந்தயம் அன்று. பிரெஞ்சு மொழியில் 'பிரெவே' எனப்படும் இப்பயணத்தில் முதலாமவர், இரண்டாமவர் என்ற வரிசையே கிடையாது. குறித்த தூரத்தைக் குறித்த நேரத்திற்குள் கடந்தவர் எல்லாரும் ஒரே தகுதியினர். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. அங்கே வருகையைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தாமதித்தால் சாவடி மூடிவிடும். மிக விரைந்து சென்றாலோ திறந்திராது! சாவடி தவிர வேறிடத்தில் உடன்வரும் வண்டியின் உதவியைப் பெறுவதும் விதிக்குப் புறம்பு. இந்நான்கு தூரங்களையும் ஒரே பருவத்தில் முடித்தவர் 'சூப்பர் ராண்டோனர்' எனப் பெயர் பெறுகிறார்.

இவ்வழக்கத்தின் தாயகம் பிரான்சு. 1891-ஆம் ஆண்டில் ஒரு செய்தித்தாளின் முயற்சியால் பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று திரும்பும், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பந்தயம் நடைபெற்றது. சார்ல் தெரோன் என்பவர் 71 மணி 22 நிமிடத்தில் வென்றார். பின்னர் அது பந்தயம் என்ற தன்மையை நீத்து, 90 மணிக்குள் முடிக்க வேண்டிய பயணமாக மாறி, நான்காண்டுக்கு ஒருமுறை நடந்து வருகிறது. 1904-இல் தோன்றிய 'ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்' அதனை நடத்துகிறது. 2019-இல் நம் நாட்டிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அங்கே சென்று மிதித்தனர். அப்பயணத்தின் பெயரால் சக்கர வடிவில் ஓர் இனிப்புப் பண்டமும் பிரான்சில் உண்டென்பது தாய்மார்களுக்காக நான் சேர்த்துக் கூறும் செய்தி. இந்தியாவில் நம் நாகபுரி உட்படப் பல நகரங்களில் இப்பயணங்கள் நடைபெறுகின்றன.

இனி, ரயில்வேக் காலனியில் பேசுவதால் ரயில்வே முறையிலேயே கணக்கைப் பார்ப்போம்.

விதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர்தான். சந்தைக்குப் போகிற சைக்கிளும் அவ்வேகத்தில் செல்லும். பின் ஏன் பலர் நேரம் தவறுகின்றனர்? ஓடும் வேகத்தால் அன்று, நிற்கும் நேரத்தால். ஒரு ரயில் வழியில் தாமதமாவதற்கு எஞ்சினின் பலவீனத்தைக் காட்டிலும் நிலையங்களில் நிற்பதே பெரும்பாலும் காரணமாவதை நாம் அறிவோம் அல்லவா? 600 கிலோமீட்டரை மணிக்கு 20 வீதம் ஓட்டினால் 30 மணி. கையிருப்பு 10 மணி. எதிர்க்காற்று வீசி வேகம் 18-ஆகக் குறைந்தால் ஓட்ட நேரமே 33 மணி 20 நிமிடம். கையிருப்பு 6 மணி 40 நிமிடமாகச் சுருங்குகிறது. பத்து இடங்களில் 20 நிமிடம் நின்றால் அதிலும் 3 மணி 20 நிமிடம் போய்விடும். எஞ்சுவது உறக்கத்திற்கும் பஞ்சருக்கும் சேர்த்து இன்னொரு 3 மணி 20 நிமிடமே. ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் அமர்ந்து அளவளாவுகிறவர் தம் உறக்கத்திலிருந்துதான் கடன் வாங்குகிறார்.

ஆண்டுத் திட்டமும் இத்தகைய கணக்கே. பருவம் நவம்பர் முதல் நாள் தொடங்கி அக்டோபர் இறுதியில் முடிகிறது. காகிதத்தில் பன்னிரண்டு மாதங்கள் இருக்கலாம். நாகபுரியில் அவ்வளவு இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடுகிறது. சூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை மழை. ஆகவே, தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு நவம்பரில் 200, டிசம்பரில் 300, பொங்கல் கழிந்து 400, பிள்ளைகளின் தேர்வுக்கு முன்பாகப் பிப்ரவரி நடுவில் 600 என்று வகுத்துக்கொள்வது நலம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று அல்லது நான்கு வாரம் உடலுக்கு வேண்டும். ஏதேனும் ஒன்று தவறிப்போனால், மழை ஓய்ந்த பின் செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் கைகொடுக்கும். கடினமானதை அக்டோபருக்கென்றே ஒதுக்கி வைப்பவருக்கு இந்தச் சரிக்கட்டும் நேரம் கிடையாது.

விடுப்பையும் பாருங்கள். சனிக்கிழமை காலை 6 மணிக்குப் புறப்பட்டால், கடைசி நேரம் 200-க்கு அன்றிரவு ஏழரை. 300-க்கு ஞாயிறு பின்னிரவு 2 மணி. 400-க்கு ஞாயிறு காலை 9. 600-க்கு ஞாயிறு இரவு 10. ஆகவே 600-க்குத் திங்கட்கிழமையும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தூக்கம் விழித்தவன் கூட்டிய கணக்கைத் தணிக்கையாளர் மன்னிப்பதில்லை.

பயிற்சிக்கு மழைக்காலத்தின் தெளிந்த காலைகள் போதும். வாரநாட்களில் ஒரு மணி நேரமும், ஞாயிறுகளில் சிறிது சிறிதாகக் கூட்டிய தூரமும் ஓட்டிவந்து, வார்தா சென்று திரும்பும் 150 கிலோமீட்டர் எளிதாகிவிட்டால் 200-க்கு அஞ்ச வேண்டுவதில்லை. நாற்பதைக் கடந்தோர் தொடங்குமுன் மருத்துவரிடம் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இதில் நாணத்திற்கு இடமில்லை. சைக்கிள் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. இருக்கையின் உயரம் சரியாக இருக்கட்டும், பிரேக் பிடிக்கட்டும், மாற்று டியூபும் பம்பும் உடன் இருக்கட்டும். இருட்டில் நின்று டியூப் மாற்றும் கலையை வீட்டு முற்றத்திலேயே பழகிக்கொள்வது உத்தமம்.

உணவில் நமக்கொரு வசதியுண்டு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ரயில் பயணத்திற்கு மட்டுமே உரியதன்று. பசித்த பின் உண்பதென்று இருந்தால் காலம் கடந்துவிடும். மணிக்கொரு முறை வாழைப்பழமோ வெல்லக்கட்டியோ வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பது தீங்கு. எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த நீரே ஏற்றது. தயிர்சாதத்தைக் காலைக்குள் உண்டு தீர்த்துவிடுங்கள்; நண்பகல் வெயில் அதற்குப் பகை.

இப்போது இரவைப் பற்றிக் கூற வேண்டும். வீட்டாரின் அச்சம் அதில்தான் இருக்கிறது. சனவரியில் இங்கு ஏறத்தாழ 13 மணி நேரம் இருள். முன்விளக்கு அவ்வளவு நேரமும் எரிய வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கும், உடல்மேல் ஒளி திருப்பும் மேலங்கியும் வேண்டும். சியோனி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெஞ்ச் காட்டினூடே போகிறது. விலங்குகள் கீழே கடப்பதற்காகச் சில இடங்களில் சாலையையே உயர்த்திக் கட்டியுள்ளனர். புலியைக் குறித்து எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கோ புலியைவிட லாரியே பெரிய அச்சம்; லாரியைவிடச் சொந்த உறக்கம்.

இரவுப் பணி பார்த்த அன்பர்கள் அறிவார்கள்: பின்னிரவு 2 மணி முதல் 5 மணி வரை கண் நம் வசத்தில் இராது. கண் திறந்தபடியே மூளை ஒரு கணம் உறங்கிவிடும். நெடுஞ்சாலையில் அந்த ஒரு கணம் போதும். தலை ஒருமுறை சாய்ந்தால், சைக்கிளை ஓரம் கட்டி, தாபாவின் கயிற்றுக் கட்டிலிலோ பெட்ரோல் நிலையத் திண்ணையிலோ 20 நிமிடம் படுத்தே ஆகவேண்டும். அதனால் சாவடி மூடிவிடுமே என்றால் மூடட்டும். அங்கிருந்து ஒரு தொலைபேசி. அடுத்த ரயிலிலோ பேருந்திலோ வீடு. பயணத்தைக் கைவிட்டவர் பெயர் எந்தத் தோல்விப் பட்டியலிலும் ஏறுவதில்லை. வெற்றிப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான்.

ஆகையால் தாய்மார்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று. "போகாதே" என்பதற்குப் பதிலாக மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சாவடிகளின் பெயரும் நேரமும் எழுதிய தாள், ஒவ்வொரு சாவடியிலிருந்தும் ஒரு செய்தி, உறக்கம் வந்தால் நிறுத்திவிடுவேன் என்ற வாக்கு. அன்று வீடு திரும்பியவரிடம், "எத்தனை மணிக்கு முடித்தாய்?" என்று கேட்குமுன், "எங்கே உறங்கினாய்?" என்று கேளுங்கள். நான்கு பயணமும் சேர்ந்து ஆண்டில் நூறரை மணி நேரம். அந்நேரத்தில் வீட்டுப் பொறுப்பு முழுவதும் உங்கள் தோளில் விழுகிறது என்பதை ஓட்டுகிறவர் மறத்தலாகாது. மறுவாரம் ரேஷனும் பிள்ளைகளின் பாடமும் அவர் பங்கு.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குச் சங்க வாசலிலிருந்து 40 கிலோமீட்டர் சென்று திரும்ப எண்ணியுள்ளோம். பெண்களும் வரலாம், கியர் இல்லாத சைக்கிளும் வரலாம். பின்விளக்கும் ஒரு டியூபும் இல்லாதவர்களை மட்டும் அழைத்துச் செல்வதற்கில்லை.