நீட்டிய விரல்

(மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சுற்றுக்கு விட்ட படத்தைக் கையில் வாங்கினதும் எல்லாருடைய கண்ணும் மேலேதான் போகுது. மரத்துல தொங்குற இரண்டு உடல்கள். பார்த்துட்டுச் சட்டுனு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட தள்ளிவிட்டுடறீங்க. திரும்ப வாங்கிப் பாருங்க. இன்னிக்கு நான் பேச வந்தது இந்தப் படத்தின் கீழ்ப்பாதியைப் பத்தி.

1930 ஆகஸ்ட் 7 இரவு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மேரியன் என்ற ஊர். இது தெற்கு இல்லை, வடக்கு. கும்பல் கொலைன்னா தெற்கத்தி வெள்ளையன் வேலை மட்டும்தான்னு நினைக்கறவங்களுக்காக இதை அழுத்திச் சொல்றேன். முந்தின இரவு ஒரு வெள்ளை இளைஞன் சுடப்பட்டு, மறுநாள் இறந்துபோனான். தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித், ஜேம்ஸ் கேமரன் என்ற மூன்று கறுப்பு இளைஞர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்திருந்தார்கள். விசாரணை என்று ஒன்று தொடங்கவே இல்லை. அதற்குள் சம்மட்டிகளோடு வந்த கும்பல் சிறையை உடைத்தது. ஷிப்பையும் ஸ்மித்தையும் அடித்து இழுத்து வந்து மரத்தில் தூக்கிலிட்டது. எந்த மரம்? நீதிமன்றத்து வளாகத்தில் நின்ற மரம்! கேமரனுக்கு அப்போது 16 வயது. அவன் கழுத்திலும் கயிறு விழுந்தது. கடைசி நேரத்தில் எப்படியோ விட்டுவிட்டார்கள். அந்த இரவை உள்ளேயிருந்து சொல்ல அவர் ஒருவர்தான் மிஞ்சினார்.

படம் எடுத்தவர் லாரன்ஸ் பைட்லர், அந்த ஊர் ஸ்டுடியோக்காரர். கல்யாணப் படம், பள்ளிக்கூட குரூப் போட்டோ எடுத்துப் பிழைத்தவர். இந்தப் படத்தையும் அவர் அப்படித்தான் எடுத்திருக்கிறார். பிளாஷ் வெளிச்சத்தில் முகங்கள் பளிச்சென்று தெரியுது. முன்னால் ஒரு இளம் ஜோடி, திருவிழாவுக்கு வந்த மாதிரி. பெண்கள் இருக்காங்க. நடுவுல மீசை வச்ச ஒருத்தன், கேமராவை நேராப் பார்த்துக்கிட்டே மேலே தொங்குற உடல்களை நோக்கி விரலை நீட்டறான். முகத்தை மூடணும்னு ஒருத்தனுக்கும் தோணலை. குற்றம் செஞ்சவன் கேமராவைக் கண்டா ஓடுவான்னு நாம நினைக்கறோம். இவங்க போஸ் கொடுக்கறாங்க. இது குற்றம்னே நினைக்காதவன்தான் அப்படி நிக்க முடியும்.

பைட்லர் இரவு பகலாகப் பத்து நாள் பிரதி போட்டார். ஆயிரக்கணக்கில் விற்றது, ஒன்று 50 சென்ட். ஒரு பிரதியைச் சட்டம் போட்டு, செத்தவரின் முடி என்று கொஞ்சம் தலைமுடியையும் உள்ளே வைத்து யாரோ பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். ஜேம்ஸ் ஆலன் திரட்டிய கும்பல் கொலைப் படத் தொகுப்பில் அது இருக்கிறது.

இத்தனை முகம் இருக்கே, வழக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஊர் வாயைத் திறக்கவில்லை. யாரையும் அடையாளம் தெரியாதாம்! பக்கத்து வீட்டுக்காரன் முகம், கடைக்காரன் முகம், எதுவும் தெரியாதாம். கடைசியில் இரண்டு பேர் மேல் மட்டும் வழக்கு நடந்தது. வெள்ளை ஜூரிகள் இருவரையும் விடுவித்தார்கள். கேமரனுக்கோ சிறைத்தண்டனை. மாநில ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கியது 1993இல். யார் யாரை மன்னிப்பது என்ற கேள்வியை உங்களிடமே விடுகிறேன்.

ஆனால் அதே படம் கை மாறியதும் வேறு வேலை செய்தது. சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பர் பத்திரிகைகள் அதை அச்சிட்டன. வெள்ளையன் நினைவுப்பொருளாக வாங்கியதை இவர்கள் குற்றப்பத்திரிகை ஆக்கினார்கள். இந்தியானாவில் என்.ஏ.ஏ.சி.பி. இயக்கத்தை நடத்திய ஃப்ளாசி பெய்லி என்ற கறுப்புப் பெண், கொலைக்கு முன்பே ஷெரீப்புக்குப் போன் போட்டு எச்சரித்தவர், பிறகும் ஓயவில்லை. கைதியைக் கும்பலிடம் பறிகொடுக்கும் ஷெரீப் பதவி இழக்க வேண்டும் என்று 1931இல் மாநிலம் சட்டம் போட்டதில் அவர் பங்கு பெரிது. ஏபல் மீரோபோல் என்ற நியூயார்க் பள்ளி ஆசிரியர் இந்தப் படத்தைப் பார்த்த அதிர்ச்சியில்தான் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' எழுதினார். 1939இல் பில்லி ஹாலிடே அதைப் பாடினார்.

இதுல எனக்கு ஒரு கோபம் உண்டு. இந்தப் படத்தைத் திரும்பப் போடறவங்க சிலர், இடம் பத்தலைன்னு கூட்டத்தை வெட்டிட்டு உடல்களை மட்டும் போடுவாங்க. அப்போ பரிதாபம் மிஞ்சும், கொலைகாரன் தப்பிச்சுடுவான். வெட்டணும்னா வேற படத்தை வெட்டுங்க.

இப்போ இன்னொரு படம். 25 வருஷம் கழித்து, மிசிசிப்பி. எம்மெட் டில், 14 வயதுப் பையன், 1955 ஆகஸ்டில் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டான். தாய் மேமி டில் சவப்பெட்டியை மூடவிடவில்லை. சிதைந்த அந்த முகத்தை ஜெட் இதழ் வெளியிட்டது. வெள்ளைப் பத்திரிகைகள் தொடவில்லை. அந்தப் படம் பலருக்குத் தெரியும். நான் காட்டுவது வழக்கு நடந்த நீதிமன்றத்துக்குள் எடுத்தது. விசாரணையின்போது படம் எடுக்கக்கூடாது என்பது நீதிபதியின் உத்தரவு. எர்னெஸ்ட் வித்தர்ஸ் என்ற கறுப்புப் புகைப்படக்காரர் மீறி எடுத்தார். (இவர் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்தவர் என்று 2010இல் தெரியவந்தது. மனசு கனக்குது. ஆனாலும் படம் படம்தான்.)

படத்தில் நிற்பவர் மோஸ் ரைட். பையனின் தாய்வழி உறவு. குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டவர், ஊழியம் செய்தவர், வயது 64. நள்ளிரவில் வீடு புகுந்து பையனைத் தூக்கிப்போனவர்கள் யார் என்று கேட்டபோது எழுந்து, வெள்ளையரை நோக்கிக் கையை நீட்டுகிறார். மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் அப்படிக் கை நீட்டினால் உயிர் தங்காது என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

மேரியனில் நீட்டிய விரலையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

வெள்ளை ஜூரிக்கு 67 நிமிஷம் போதுமானதாக இருந்தது. குற்றவாளிகள் விடுதலை. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர்கள் காசு வாங்கிக்கொண்டு, ஆமாம் கொன்றோம் என்று லுக் பத்திரிகையிடம் சொன்னார்கள். அதற்குள் மோஸ் ரைட் ஊரைவிட்டு சிகாகோவுக்குப் போய்விட்டிருந்தார்.